பேர் வைக்காத பேர்

செட்டிகுளத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் நிஜம். பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம். மலைமேல் கரும்பு பிடித்த முருகனும் கீழே ஏகாம்பரேஸ்வரரும் இருக்கிற ஊர், சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். வீடும் அதில் நடக்கும் பேச்சும் மட்டும் என் கற்பனை. பிப்ரவரி மாதம், மாசி பிறந்துவிட்டது. பருத்தி எடுக்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. வாசலில் சென்சஸ் டீச்சர் நிற்கிறார்.

"வீட்டுல எத்தன பேரும்மா?"

"மூணு பேரு டீச்சர். நானு, எங்க வூட்டுக்காரரு, பையன்."

"உள்ள கொழந்த சத்தம் கேக்குதே?"

"அது எம்பொண்ணோட புள்ள. பொரசவத்துக்கு வந்துருக்கா. அவளத் துறையூர்ல கட்டிக் குடுத்துருக்கோம். அங்க எழுதிக்குவாங்க."

அதே வாரம் துறையூரில் இன்னொரு டீச்சர் இன்னொரு வாசலில் நிற்கிறார். அங்கே மாமியார் சொல்கிறார்: "மருமவ அவுங்க அம்மா வூட்டுல இருக்கா. கொழந்தைக்கு இன்னும் பேருகூட வைக்கல. அங்கயே எழுதியிருப்பாங்க."

இரண்டு பெண்களும் பொய் சொல்லவில்லை. இரண்டு டீச்சர்களும் வேலையில் சோம்பல் படவில்லை. ஆனால் இந்தியாவின் மக்கள்தொகையில் ஒரு தாயும் ஒரு கைக்குழந்தையும் குறைந்துவிட்டார்கள். தாயை யாராவது எங்காவது நினைவு வைத்துச் சேர்த்துவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. தூளியில் கிடப்பது எந்தப் பட்டியலையும் வைத்து யாருக்கும் நினைவுக்கு வராது.

எனக்கு இதில் தமிழ் மொழியின் மேலேயே ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. ஆட்களை நாம் 'பேர்' என்று எண்ணுகிறோம். மூன்று பேர், நான்கு பேர். ஆள் என்றால் பெயர் என்றே நம் வாய்க்குப் பழக்கம். அப்படியிருக்க, பேர் வைக்காத பிள்ளை பேரில் எப்படிச் சேரும்? கேள்வி "எத்தனை பேர்" என்று வரும்போது, சம்பாதிப்பவர், சமைப்பவர், பள்ளிக்கூடம் போகிறவர் என்று வீடு தன்னை எண்ணிக்கொள்கிறது. மூன்று மாதக் குழந்தை அம்மாவின் உடம்பிலேயே ஒரு பகுதி என்பதுபோல் விட்டுப்போகிறது. போதாததற்கு, பிள்ளைகளைத் தலை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று நினைக்கிற அம்மாயிகளும் இருக்கிறார்கள்.

விதி இதைப் பற்றி என்ன சொல்கிறது? 2011 கணக்கெடுப்பில் மக்களை எண்ணிய நாட்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை, இருபது நாள். ஒருவர் வழக்கமாக வசிக்கும் வீட்டில் அந்த இருபது நாளில் எப்போதாவது இருந்தார் என்றால் அங்கேதான் அவரை எழுத வேண்டும். இருபது நாளும் சொந்த வீட்டுப் பக்கமே போகாமல் வேறிடத்தில் தங்கியிருந்தால், தங்கியிருந்த இடத்தில் எழுத வேண்டும். ஆகவே வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்பப் போகிற பெண்ணும் அவள் குழந்தையும் செட்டிகுளத்துக் கணக்கு. "அங்க எழுதிக்குவாங்க" என்று அந்த அம்மா சொன்னது உறவுமுறைப்படி சரி, விதிப்படி தப்பு. நம் ஊரில் பெண் எந்த வீட்டுக்காரி என்பது கல்யாணத்தோடு முடிவான விஷயம். கணக்கெடுப்பு கேட்பதோ இந்த இருபது நாள் எங்கே படுத்துத் தூங்கினாள் என்பதை.

சரி, இப்படி விடுபடுவது ஒன்றிரண்டு குழந்தைகளா, லட்சக்கணக்கிலா? எண்ணாமல் விட்டதை எப்படி எண்ணுவது? இங்கேதான் அறிவியல் சுவாரசியமாகிறது.

2001 மார்ச் 1 நிலவரப்படி இந்தியாவில் 0 முதல் 4 வயதுக் குழந்தைகள் 11,04,47,164 பேர். சரியாகப் பத்து ஆண்டு கழித்து 2011 மார்ச் 1 அன்று அதே குழந்தைகளுக்கு வயது 10 முதல் 14. அந்த வயதில் எண்ணப்பட்டவர்கள் 13,27,09,212 பேர். இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். இடையில் சில குழந்தைகள் நோயிலும் விபத்திலும் இறந்திருப்பார்கள், ஆகவே எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். 2001-க்கு முன் பிறந்த குழந்தை 2001-க்குப் பிறகு புதிதாகப் பிறக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து கோடிக்கணக்கில் பத்து வயதுப் பிள்ளைகள் வந்து குடியேறவும் இல்லை. ஆனாலும் 2 கோடியே 22 லட்சம் பேர் கூடுதலாக நிற்கிறார்கள்.

இந்த 2.22 கோடியும் விடுபட்ட குழந்தைகள் என்று எழுதினால் தலைப்பு பரபரப்பாக இருக்கும். ஆனால் அது சரியாக இருக்காது. வயதைப் பற்றி நாம் சொல்லும் பதில்களுக்குத் தனிக் குணம் உண்டு.

என் தலைமுறைக்கு முந்தியவர்களிடம் பிறந்த தேதி கேட்டால் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் தலைமையாசிரியர் போட்ட தேதி அது. அதற்கு முன் ஒரு பரீட்சை நடக்கும். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, ஒன்றாம் வகுப்பில் உட்காரலாம். தொடாவிட்டால் அடுத்த வருஷம். சிரிப்பாகத் தோன்றினாலும் இதில் கொஞ்சம் உடலியல் இருக்கிறது. பிறந்த குழந்தையின் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலை. வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்குதான். தலை மெதுவாகவும் கைகால் வேகமாகவும் வளர்ந்து, ஐந்தாறு வயதையொட்டித்தான் கை தலையைத் தாண்டி மறு காதை எட்டுகிறது. ஆனால் குச்சியாக வளர்ந்த நாலு வயதுப் பையனும் தொட்டுவிடுவான், அன்றே அவனுக்கு ஐந்து வயதாகிவிடும்.

கணக்கெடுப்பிலும் இது நடக்கிறது. நாலு வயதை "அஞ்சு இருக்கும்" என்று சொல்வது, ஒன்பதைப் பத்தாக்குவது, பதினொன்றைச் சொல்லாமல் பத்துக்கோ பன்னிரண்டுக்கோ தாவுவது. இந்தியக் கணக்கெடுப்பின் தனி வயது அட்டவணையைப் பார்த்தால் 10, 12 வயதுகளில் மேடு தட்டியிருக்கும், 11-இல் பள்ளம் விழுந்திருக்கும். பதினோரு வயதுப் பிள்ளைகளே நாட்டில் குறைவோ என்று தோன்றும். ஆகவே 2001-இல் 4 வயதுக்காரர்கள் பலர் 5 வயதுக் கூடைக்குள் விழுந்திருக்கலாம். அவர்கள் விடுபடவில்லை, இடம் மாறியிருக்கிறார்கள்.

அந்த எல்லைத் தகராறைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது. இரண்டு கூடையையும் ஒன்றாகக் கொட்டிவிடுவது. 2001-இல் 0 முதல் 9 வயது வரை மொத்தம் 23,87,63,954. பத்தாண்டு கழித்து 10 முதல் 19 வரை 25,32,35,661. இப்போதும் 1 கோடியே 44 லட்சம் கூடுதல். நாலு வயதா ஐந்து வயதா என்ற குழப்பம் இதில் இல்லை. ஒன்பதைப் பத்தாகச் சொன்ன குழப்பம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதற்கு எதிராக, பத்தொன்பதை இருபதாகச் சொல்லி வெளியே போனவர்களும் உண்டு. கழித்துக் கூட்டிப் பார்த்தாலும் ஒன்று நிற்கிறது. 2001-இல் கணக்கில் வராமல் போன குழந்தைகள் பெருங்கூட்டமாகவே இருந்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் நாடு அவர்களைப் பார்த்தது.

எண்ணி முடித்த பிறகு எவ்வளவு விட்டுப்போனது என்று சரிபார்க்க அரசே ஒரு மறு ஆய்வு நடத்துகிறது. சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, வேறு ஆட்களை அனுப்பி, மீண்டும் வீடுவீடாக எண்ணி, பழைய பட்டியலோடு ஒப்பிடுவார்கள். 2001-இலும் 2011-இலும் இந்த ஆய்வு சொன்னது ஒரே எண்: ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருக்கிறார்கள். எல்லா வயதும் சேர்த்துச் சொன்ன கணக்கு இது.

இந்த ஒப்பிடும் வேலையின் பின்னால் இருக்கும் கணிதத்தில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் கிடைத்த பிறப்பு இறப்புத் தகவல்களை வைத்து, சி. சந்திரசேகரன் என்ற இந்திய மக்கள்தொகையியலாளரும் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளரும் 1949-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. யோசனை எளிது. ஒரு ஊரில் பிறப்புப் பதிவேட்டில் 90 குழந்தைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தனியாக ஒருவர் வீடுவீடாகப் போய் விசாரித்து 80 குழந்தைகளைக் கண்டுபிடிக்கிறார். இரண்டு பட்டியலிலும் இருப்பவை 72. அதாவது, விசாரித்துக் கண்டுபிடித்த 80-இல் 72 பதிவேட்டிலும் இருக்கின்றன. பதிவேடு பிடிப்பது பத்துக்கு ஒன்பது. அப்படியானால் பதிவேட்டில் உள்ள 90 என்பதும் மொத்தத்தில் பத்துக்கு ஒன்பது பங்குதான். மொத்தம் 100. பதிவேட்டில் 90, விசாரணையில் மட்டும் கிடைத்தவை 8, இருவர் கண்ணிலும் படாதவை 2. கண்ணில் படாததையும் எண்ணியாகிவிட்டது!

குளத்து மீனை எண்ணுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளம் போட்டு விட்டுவிடுவது, மறுநாள் வலை வீசி அடையாளம் உள்ளவை எத்தனை என்று பார்ப்பது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் வலைக்குத் தப்பிய மீன் இரண்டாவது வலைக்கும் அதே காரணத்தால் தப்பினால்? வலைக்கண் வழியாக நழுவும் பொடிமீனை எத்தனை தடவை வீசினாலும் பிடிக்க முடியாது. செட்டிகுளத்து அம்மாவிடம் முதல் டீச்சர் கேட்டாலும் இரண்டாவது ஆய்வாளர் கேட்டாலும் பதில் "மூணு பேரு" தான். இரண்டு பட்டியலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தவற வேண்டும் என்பது இந்தக் கணிதத்தின் அடிப்படை நிபந்தனை. சந்திரசேகரனும் டெமிங்கும் இதை அப்போதே பார்த்திருந்தார்கள். மக்களை ஒரே மாதிரியான சிறு குழுக்களாகப் பிரித்து, குழு குழுவாகக் கணக்கிட்டால் பிழை குறையும் என்று எழுதினார்கள். குறையும், ஒழியாது.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 2010-இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 4.6 சதவீதம், ஏறத்தாழ பத்து லட்சம் குழந்தைகள் கணக்கில் வரவில்லை. பாட்டி வீட்டில் வளர்வது, பிரிந்த பெற்றோரிடம் மாறி மாறி இருப்பது, ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் என்று காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். 2020 படிவத்தில் கைக்குழந்தை, பேரக்குழந்தை என்றே வெளிப்படையாக அச்சிட்டு, யாரையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டார்கள். ஆனால் விடுபட்டது 5.4 சதவீதமாகக் கூடிவிட்டது. இந்த 5.4 என்பது பிறப்புப் பதிவிலிருந்து இறப்பைக் கழித்து, குடிபெயர்வைக் கூட்டிப் போட்ட கணக்கு. அதே ஆண்டு, மீன் வலை முறையில் நடத்திய மறு ஆய்வு அதே வயதுக்குச் சொன்னது 2.79 சதவீதம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நான் சொன்ன பொடிமீன்.

நமக்கு ஏன் அந்தப் பிறப்புப் பதிவு முறை கைகொடுக்கக் கூடாது? தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. நம் கற்பனை வீட்டுக் குழந்தை உண்மையில் பல இடங்களில் எழுத்தில் இருக்கிறது. கர்ப்பம் தெரிந்ததுமே கிராமச் செவிலியர் வாங்கிக் கொடுத்த பிக்மி எண்ணில் இருக்கிறது. 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்ற சட்டப்படி போட்ட பதிவில் இருக்கிறது. தடுப்பூசி அட்டையில் இருக்கிறது. ஊர் அங்கன்வாடியின் பதிவேட்டிலும் ஏறிவிடும். ஆனால் சென்சஸ் எந்தப் பதிவேட்டையும் பார்த்து எழுதுவதில்லை. வாசலில் நின்று கேட்டு, சொன்னதை எழுதுவதுதான் அதன் முறை. யாரிடமும் சான்றிதழ் கேட்காமல் இருப்பதால்தான் ஜனங்கள் கதவைத் திறக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு தெருவில் அங்கன்வாடிக் கணக்குப்படி எத்தனை குழந்தைகள், டீச்சர் எழுதியது எத்தனை என்று மேற்பார்வையாளர் ஒப்பிட்டுப் பார்ப்பதில் என்ன தவறு? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒன்பதுக்கு ஆறு என்று வந்தால் அந்தத் தெருவுக்கு இன்னொரு முறை போகலாம்.

கேள்வி கேட்பவரையும் விட்டுவைக்கக் கூடாது. வீடுவீடாகப் போய்க் கேட்கும் பல ஆய்வுகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் கூடுதலாகப் பல பக்கங்கள் நிரப்ப வேண்டியிருக்கும். எடை, உயரம், தடுப்பூசி எல்லாம். வெயிலில் அலைந்து களைத்தவர் நாலே முக்கால் வயதுக் குழந்தையை ஐந்து என்று எழுதிவிட்டால் வேலை மிச்சம். இது உலகமெங்கும் மக்கள்தொகையியலாளர்களுக்குத் தெரிந்த வியாதி. சென்சஸில் அப்படிக் கூடுதல் பக்கம் கிடையாது. ஆனால் 150 வீட்டைச் சுற்றி வந்தவருக்கு "மூணு பேரு" என்ற பதில் கேட்கும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குழந்தைகள் விடுபட்டால் அங்கன்வாடி குறையும், தடுப்பூசிக் கணக்கு தவறும் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. எனக்கு இந்தப் பகுதியில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. 2011-இல் 0 முதல் 6 வயது வரை, ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகள். பெரம்பலூரில் 913. பக்கத்து அரியலூரில் 897, கடலூரில் 896. மாநிலத்தின் மிகக் கீழான எண்கள் நம் வட்டாரத்தில். கருவிலேயே பெண்ணென்று தெரிந்து அழிப்பது இதில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. பேர் வைக்காத குழந்தையைச் சொல்ல மறக்கிற வீடு, பையனையும் பெண்ணையும் ஒரே அளவில் மறக்கிறதா? ஆயிரம் பையன்களுக்கு இருபது பெண் குழந்தைகள் கூடுதலாக மறக்கப்பட்டாலே 917 என்பது 897 ஆகிவிடும். மறந்ததும் அழித்ததும் ஒரே எண்ணில் கலந்து கிடந்தால், எதைத் தடுக்க எங்கே போவது? மறதி என்று சாக்குச் சொல்லி அழிப்பை மறைக்க விடக் கூடாது என்பதற்காகவே, மறந்தது எவ்வளவு என்று தனியாகத் தெரிய வேண்டும்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிநாளாகக் கொண்டு நடக்க இருக்கிறது. இந்தப் பதினாறு வருஷ இடைவெளியில் ஒரு விநோதம் நேர்ந்திருக்கிறது. நான் மேலே போட்ட பத்தாண்டுக் கழித்தலை இந்த முறை போட முடியாது. 2011-இல் 0 முதல் 4 வயது இருந்தவர்களுக்கு 2027-இல் 16 முதல் 20 ஆகியிருக்கும். 18 என்றும் 20 என்றும் எல்லோரும் தோராயமாகச் சொல்லும் வயது அது. 2011 மார்ச்சுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோரோ குழந்தையாக இருந்தபோது எண்ணப்படவே இல்லை. முதல் தடவை எண்ணப்படும்போது அவர்களில் மூத்தவர்களுக்கு மீசை அரும்பியிருக்கும்.

இந்த முறை காகிதம் இல்லை, செல்போனில்தான் பதிவு. வீட்டுக்காரர்களே இணையத்தில் தங்கள் விவரத்தைப் பதிந்துகொள்ளும் வசதியும் உண்டு. திரைக்கு முன்னால் உட்காருபவர் பெரும்பாலும் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கிற மகனாக இருப்பான். தங்கை பிரசவத்துக்கு வந்திருப்பது அவனுக்குத் தெரியும். அவளையும் குழந்தையையும் எந்த வீட்டில் சேர்ப்பது என்பது தெரியுமா? டீச்சராவது தூளிச் சத்தத்தைக் கேட்டார். செல்போனுக்கு அந்தக் காது இல்லை.

டீச்சருக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். "எத்தன பேரு" என்பதோடு நிறுத்தாமல், "ராத்திரி இந்த வூட்டுல யார் யாரு படுக்குறீங்க, கைக்குழந்தையில இருந்து சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவரிலிருந்து தொடங்கினால் குழந்தை கடைசியில் வரும். கடைசிக்குள் வாய் ஓய்ந்துவிடும். குழந்தையிலிருந்து தொடங்கினால் அம்மாயியே முகம் மலர்ந்து எடையிலிருந்து எல்லாவற்றையும் சொல்லுவார்.

2027 பிப்ரவரி 28 ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு பன்னிரண்டு மணிதான் கோடு. பெரம்பலூரில் ஏதோ ஒரு பிரசவ வார்டில் 11.50-க்குப் பிறக்கிற குழந்தை இந்தக் கணக்கில் உண்டு. 12.10-க்குப் பிறக்கிறது அடுத்த கணக்கெடுப்புக்குத்தான். டீச்சர் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே வந்து எழுதிவிட்டுப் போயிருப்பார். 2011-இல் மார்ச் 1 முதல் 5 வரை வந்ததுபோல் மறுசுற்று வரும்போது, யாராவது ஒருவர் "ஆமா டீச்சர், அன்னிக்கு ராத்திரி பொறந்துச்சு" என்று சொல்ல வேண்டும். பெயர் இன்னும் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் பரவாயில்லை. வயது என்ற கட்டத்தில் டீச்சர் தட்ட வேண்டிய எண் 0.